போர் பாயிண்ட் பார்க்க யாரை நம்புவது: தேங்காய்க்காரரா, மீட்டர்காரரா, ஜியாலஜிஸ்ட்டா?

அமராவதிக்கரை:

வணக்கம்ங்க. தாராபுரம் பக்கம் 2 ஏக்கர், கிட்டத்தட்ட சதுரமான நிலம். மேலே செம்மண், சரளை, அதுக்குக் கீழே மக்கின பாறை, அப்புறம் கருங்கல். பழைய கிணறு கோடையில் கைவிட்டுவிடுகிறது. போர் (ஆழ்துளைக் கிணறு) போடலாம் என்று மூன்று பேரை வைத்துப் பாயிண்ட், அதாவது துளை போட வேண்டிய இடம், பார்த்தாச்சு. மூன்று பேரும் மூன்று இடம் காட்டுகிறார்கள்.

முதலாமவர் தேங்காயைக் கையில் வைத்து நடந்து, அது நிமிரும் இடத்தில் தண்ணீர் என்று சொல்பவர். வடகிழக்கு மூலையில் 380 அடியில் இரண்டு நீரோட்டம் கூடுகிறது, 3 இன்ச் தண்ணீர் என்கிறார். நூற்றுக்கு 95 பலித்திருக்கிறதாம். இரண்டாமவர் கையில் பிடிக்கிற டிஜிட்டல் மீட்டரோடு வந்தார். பத்து நிமிடத்தில் கலர் படம் காட்டி 420 அடி, 610 அடி என்று இரண்டு ஆழம் சொன்னார். மூன்றாமவர் எம்.எஸ்சி. ஜியாலஜி (நிலவியல்) படித்தவர். நாலு கம்பி அடித்து, வயர் இழுத்து, ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, "மேற்குப் பக்கம் பரவாயில்லை, உறுதி சொல்ல முடியாது, 250 அடியில் ஒன்றும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்" என்கிறார்.

வீட்டில் எல்லோரும் முதலாமவர் பக்கம். அவர்தான் அடித்துச் சொல்கிறார் என்பது காரணம். என் கேள்வி எந்த இடத்தில் போடுவது என்பதைவிட, இந்த மூவரில் யாருக்கு விஷயம் தெரியும் என்பதை வெளியாள் ஒருவன் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பாறைப்பிளவு:

ஆளை எடைபோட நிலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறைப் பகுதி. தாராபுரமும் அதற்குள்தான், நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். இவற்றுக்கு அடியில் ஆறு எதுவும் ஓடவில்லை. தண்ணீர் தங்குவது இரண்டு இடங்களில்: மேலே மக்கிச் சிதைந்த பாறையில், அதற்குக் கீழே கெட்டிப் பாறையின் வெடிப்புகளில். வெடிப்பின் அகலம் சில அங்குலம் மட்டுமே இருக்கலாம். அதனால்தான் ஒரு போரில் 2 இன்ச் வந்து, முப்பது அடி தள்ளிப் போட்ட போர் தண்ணீரே இல்லாமல் வெறும் புகையாகப் போகிறது. தஞ்சாவூர், கடலூர்ப் பக்கம் கதையே வேறு. அங்கே மணல் அடுக்குகள் பரந்து கிடப்பதால் எங்கே குத்தினாலும் ஏதோ ஒரு ஆழத்தில் தண்ணீர் இருக்கும். அங்கே பாயிண்ட் பார்ப்பவர் தோற்பதே அரிது. ஆகவே ஒருவர் தன் வெற்றிக் கணக்கைச் சொன்னால், எந்த ஊர்க் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.

இப்போது கருவி. மூன்றாமவர் செய்தது மின்தடை ஆய்வு. வெளியே இருக்கும் இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளிக் கம்பிகளை ஏ, பி என்று குறிப்பது வழக்கம். அவற்றைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க ஆழத்தின் பங்கு கூடும். கிடைக்கும் மின்தடை எண்ணை ஓம் மீட்டரில் சொல்வார்கள். நனைந்த களிமண் சில ஓம் மீட்டர் முதல் சில பத்துகள் வரை காட்டும். தண்ணீர் ஊறிய மக்குப் பாறை பெரும்பாலும் பத்துகளில் தொடங்கி நூறையொட்டி நிற்கும். வெடிப்பில்லாத கருங்கல் ஆயிரத்தைத் தாண்டும். இதிலேயே சிக்கல் தெரிகிறதா? எண் குறைவாக வந்தால் நல்ல தண்ணீராக இருக்கலாம், களிமண்ணாக இருக்கலாம், உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து "தண்ணீர்" என்று சொல்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். பக்கத்துக் கிணற்றின் மண்ணடுக்கையும் தண்ணீரின் உப்பையும் கேட்டு வைத்துக்கொண்டு படிப்பவர்தான் மீதியையும் செய்கிறார்.

அடுத்தது ஆழம். நீங்களே சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. 2 ஏக்கர் சதுரம் என்றால் பக்கம் சுமார் 90 மீட்டர், மூலைக்கு மூலை சுமார் 127 மீட்டர். வயரை மூலைக்கு மூலை இழுத்தாலும் ஏ, பி இடைவெளி 127 மீட்டரைத் தாண்டாது. அந்த இடைவெளியில் நாலில் ஒரு பங்கு ஆழம் வரைதான் தாராளமாகக் கணக்கிட்டாலும் நம்பத்தக்க தகவல் கிடைக்கும்: 32 மீட்டர், அதாவது சுமார் 105 அடி. பக்கத்துத் தோட்டத்துக்குள் வயரைக் கொண்டுபோய் 200 மீட்டர் ஆக்கினால் 165 அடி. அதற்குக் கீழே, 400 அடியில் இருக்கும் ஓரடி வெடிப்பு இந்த முறைக்குத் தெரியவே தெரியாது. உங்கள் ஜியாலஜிஸ்ட் "உறுதி சொல்ல முடியாது" என்றது தயக்கம் அல்ல. தன் கருவி எங்கே நிற்கிறது என்று தெரிந்து பேசுகிறார். 250 அடி என்று அவர் சொன்னதில்கூட ஒரு பகுதி அளந்தது, மீதி அந்தப் பகுதிப் போர்களை வைத்துச் செய்த அனுமானமாக இருக்கும். எது எது என்று கேளுங்கள். நல்லவர் என்றால் கேள்விக்குக் கோபப்படாமல் பிரித்துச் சொல்வார்.

கையடக்க மீட்டர்காரரிடம் ஒரே கேள்வி போதும்: கம்பி அடிக்காமல், வயர் இழுக்காமல் 610 அடியை எந்த இயல்பை வைத்து அளக்கிறது? பூமியில் இயற்கையாக ஓடும் மின்புலத்தை அளக்கும் கருவிகள் உண்டு. அவற்றுக்கும் கம்பியும் வயரும் வேண்டும், ஒரே கோட்டில் பல இடங்களில் அளந்து ஒப்பிடவும் வேண்டும். அவை தரும் கலர் படத்தில் பக்கவாட்டு வித்தியாசத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. ஓரத்தில் அச்சாகும் ஆழ எண் கருவிக்குள் இருக்கும் சூத்திரம் போடும் உத்தேசம். உங்கள் ஊர்ப் பாறைக்கு அதை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். அதை அடிக்கணக்கில் படித்துச் சொல்வது கருவி சொல்லாததைச் சொல்வது.

சின்ன நிலத்துக்கு வேறு வழியும் இருக்கிறது. மிகத் தாழ் அதிர்வெண் ரேடியோ அலையை வைத்துச் செங்குத்தான வெடிப்புகளைத் தேடும் முறை. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசக் கடற்படை நடத்தும் நிலையங்களின் அலையே இதற்குப் போதும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் அப்படி ஒரு நிலையம் இருப்பது நமக்கு வசதி. வயர் இழுக்க வேண்டாம், நடந்துகொண்டே அளக்கலாம். ஆனால் மேலே கரண்ட் லைன் போனாலோ கம்பி வேலி இருந்தாலோ அளவு கெட்டுவிடும்.

ஐயவாதி:

பாறையைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. நான் "நூற்றுக்கு 95" என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எந்தத் தொழிலிலும் வெளியாள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் வெற்றி என்றால் என்ன? ஈரம் பட்டாலே வெற்றியா, வீட்டுக்குப் போதும் என்றாலா, தோப்புக்குப் போதும் என்றாலா? அளவைப் போர் போடுவதற்கு முன்பே சொல்லாவிட்டால் எந்த முடிவையும் வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, அந்த வட்டாரத்தில் யாரையும் கேட்காமல் போட்டால் எத்தனை போரில் தண்ணீர் வரும்? உங்களைச் சுற்றி அரை கிலோமீட்டரில் உள்ள போர்களை எண்ணுங்கள், மூடிப் போட்டதையும் சேர்த்து. பத்துக்கு ஏழு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியான ஊரில் எதுவும் தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடம் காட்டினாலும் ஒன்பதோ பத்தோ பலிக்க ஏறக்குறைய 15 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஏழு பேர் இந்தத் தொழிலில் இறங்கினால் ஒருவராவது வெறும் அதிர்ஷ்டத்தால் "பத்துக்கு ஒன்பது" ஆள் ஆகிவிட வாய்ப்பு அதிகம். அவர் பெயர்தான் ஊரெல்லாம் பரவும். மற்ற ஆறு பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஆகவே நல்ல பத்தைக் கேட்காதீர்கள். கடைசியாகப் பார்த்த பத்துப் பாயிண்ட்டையும் தேதி வரிசையில் கேளுங்கள். தோட்டக்காரர்கள் பெயரை வாங்கிக்கொண்டு நேரில் போய் மூன்று விஷயம் விசாரியுங்கள்: எத்தனை அடியில் எவ்வளவு தண்ணீர் என்று முன்கூட்டிச் சொன்னார், உண்மையில் எத்தனை அடியில் வந்தது, இப்போது கோடையில் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடுகிறது. "சொன்ன மாதிரியே வந்துச்சு" என்பவரிடம் சொன்ன எண் என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. 380 அடி என்று சொல்லி 520-ல் வந்திருக்கும். மனம் அதையும் பலித்த கணக்கில் சேர்த்துவிடும்.

தேங்காய்க்குப் பதில் குச்சியைப் பிடித்துத் தண்ணீர் பார்ப்பவர்களைச் சோதித்த ஆய்வு உண்டு. 1987, 1988 ஆண்டுகளில் ஜெர்மனியின் மியூனிக் அருகே, இரண்டடுக்குக் களஞ்சியம் ஒன்றில் கீழ்த்தளத்தில் 10 மீட்டர் நீளக் கோட்டில் தண்ணீர்க் குழாயை இஷ்டத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். மேல்தளத்தில் நின்று குச்சிக்காரர்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். சுமார் 500 பேரில் திறமையானவர்கள் என்று 43 பேரைப் பொறுக்கி எடுத்து 843 முறை சோதித்தார்கள். நடத்தியவர்கள் சிலருக்குத் திறமை இருப்பதாகத்தான் எழுதினார்கள். அதே தரவுகளை ஜிம் என்ரைட் என்பவர் பின்னர் அலசியபோது, சிறந்தவர் என்று சொல்லப்பட்டவரும் ஒரு சுற்றில் காட்டியதை அடுத்த சுற்றில் காட்டவில்லை என்பதும், எப்போதும் கோட்டின் நடுவையே காட்டிக்கொண்டிருந்தால் கிடைப்பதைவிட அது பெரிய மேன்மை இல்லை என்பதும் தெரிந்தது. தேங்காய் நிமிர்வது உண்மைதான். ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கை நமக்குத் தெரியாமலே சிறிது அசையும். 1852-லேயே வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இதை விளக்கிவிட்டார். ஆள் நேர்மையானவராக இருந்துகொண்டே தவறாக இருக்க முடியும். குடும்பத்தில் இதைப் புரியவைப்பதுதான் கடினம், ஏனென்றால் நாம் ஆளின் நாணயத்தைப் பார்த்துவிட்டு அவர் அறிவையும் அளந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. அனுபவம் எப்போது அறிவாகிறது என்பதைப் பற்றி உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-ல் சேர்ந்து எழுதினார்கள். இருவரும் எதிரெதிர்க் கருத்து உள்ளவர்கள், முடிவில் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள்: அந்த வேலையில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்க வேண்டும், தன் கணிப்பு சரியா தவறா என்று அந்த ஆளுக்குத் தெரியவர வேண்டும். பாயிண்ட் பார்ப்பவருக்கு இரண்டாவது நிபந்தனை பெரும்பாலும் ஓட்டை. பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தண்ணீர் வந்தால் மாலையோடு கூப்பிடுவார்கள், வராவிட்டால் அலுத்துப்போய்ச் சொல்லாமலே விடுவார்கள். அதைவிட முக்கியம், "இங்கே தண்ணீர் இல்லை" என்று அவர் ஒதுக்கிய இடத்தில் யாருமே குத்திப் பார்ப்பதில்லை. தன் கணிப்பில் பாதி ஒருநாளும் சோதனைக்கே வராத ஒருவருக்கு நாற்பது வருடம் ஆனாலும் கற்றுக்கொள்ள வழியில்லை. ஜியாலஜிஸ்ட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும், படிப்பு அவரைக் காப்பாற்றாது. போட்ட போரின் பதிவைத் திரும்ப வாங்கித் தன் வரைபடத்தோடு ஒப்பிட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வேப்பமரத்தடி:

ஐயவாதி சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் ஊர்ப் பெரியவர்களை ஒரேயடியாகத் தள்ளுவது சரியில்லை. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டிலேயே புற்றையும் மரத்தையும் வைத்து நிலத்தடி நீரைச் சொல்லியிருக்கிறார். நம் ஆட்களும் நொச்சி எங்கே பச்சையாக நிற்கிறது, நாவல், மருதம் எங்கே செழிக்கிறது, எந்தப் பள்ளத்தில் கோரை முளைக்கிறது என்று பார்த்துத்தான் கிணறு வெட்டினார்கள். தேங்காய் சும்மா ஒரு சடங்கு. உண்மையான வேலையைக் கண் செய்கிறது. முப்பது கிராமத்துக் கிணறுகளின் கதை அவர் தலைக்குள் இருக்கும். எந்தக் கருவியிலும் அது கிடைக்காது.

ஐயவாதி:

நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான், சோதிக்கவும் முடியும். அறிவு கண்ணில் இருக்கிறது என்றால் கண்ணைத் திறந்துகொண்டு காரணம் சொல்லட்டும்: இந்தப் பள்ளம், அந்தக் கிணறு, இந்த மரவரிசை என்று. அது பயனுள்ள தகவல், காசு கொடுத்தே வாங்கலாம். தேங்காயில் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள்: அவர் காட்டும் இடங்களில் முளைக்குச்சி அடித்து, இரண்டு ஓரங்களிலிருந்து டேப் பிடித்து அளவு எழுதிக்கொண்டு, குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு கண்ணைக் கட்டி, வேறு பக்கத்திலிருந்து நிலத்துக்குள் அழைத்துவந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதலில் சொன்ன இடத்துக்குப் பத்தடிக்குள் மறுபடி வருகிறாரா? தண்ணீர் இருக்கிறதா என்பது அப்புறம். ஒரே ஆள் ஒரே நிலத்தில் ஒரே விடையைத் தருகிறாரா என்பதுதான் இந்தச் சோதனை. செலவும் இல்லை.

பாறைப்பிளவு:

மரக் குறிகளைப் பற்றி ஒரு திருத்தம் மட்டும். அவை மேலாக இருக்கும் தண்ணீருக்குச் சாட்சி. 40 அடிக் கிணறு வெட்டும் காலத்தில் அது போதும். 300 அடி ஆழத்து வெடிப்பு நொச்சிச் செடிக்குத் தெரியாது. அதே சமயம், மரங்கள் நேர்கோட்டில் வரிசையாக நின்றால் அது கீழே பாறை உடைந்த கோடாக இருக்கலாம். அதை நாங்களும் பார்க்கிறோம், செயற்கைக்கோள் படத்தில்.

ரிக் வண்டி:

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில், அதான் போர் போடுற வண்டியில், வேலை பார்க்கிற ஆள்ங்க. எழுதுறவங்க எல்லாம் பாயிண்ட்டையே பேசுறீங்க. நான் கமிஷனைப் பேசுறேன்.

பாயிண்ட் பார்க்கிறவரே "எனக்குத் தெரிஞ்ச வண்டி இருக்கு, நானே பேசித் தர்றேன்" என்றால் ரெண்டு கேள்வி கேளுங்க. வண்டிக்காரன் உங்களுக்கு எவ்வளவு தர்றான்? மொத்தமா, அடிக்கு இவ்வளவுன்னா? அடிக்கணக்கில் கமிஷன் வாங்குற ஆள் "நிறுத்துங்க"ன்னு சொல்ல மாட்டார். "இன்னும் நாலு ராடு (துளை போடுற கம்பி) போகட்டும், கேப் (பாறை வெடிப்பு) வரப்போகுது" என்பார். 300, 400 அடியைத் தாண்டினால் அடிக்கான ரேட்டும் படிப்படியா ஏறும். ஆக ஆழம் கூடக்கூட எல்லோருக்கும் லாபம், தோட்டக்காரருக்கு மட்டும் நஷ்டம். பாயிண்ட் பார்க்கக் கூலி தனியா, தண்ணி வந்தாலும் வராட்டியும் ஒரே தொகை, வண்டி நீங்களே பேசுறது. இப்படி வைங்க. "தண்ணி வந்தா மட்டும் காசு" என்பது நேர்மை மாதிரித் தெரியும். பத்து இடம் பார்த்து ஏழில் தானா வந்தா ஏழுக்குக் காசு; அவருக்கு நஷ்டமே இல்லை.

நாங்களும் யோக்கியம்னு சொல்ல வரலை. வண்டிக்காரனை எப்படிச் சோதிக்கிறதுன்னும் சொல்றேன். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராடை டேப் வைத்து அளங்க. 20 அடின்னு சொல்லி 19 இருந்தா, 20 ராடில் 20 அடி போச்சு. ராடு இறங்க இறங்க ஒரு ஆள் கோடு போட்டுட்டே வரணும். மேல் மண் உள்ளே விழாம இருக்க இறக்குற கேசிங் பைப்பும் அப்படித்தான், எண்ணி இறக்கணும். கேசிங் கெட்டிப் பாறைக்குள்ள கொஞ்சம் உட்காரணும். மேல் மக்குப் பாறையிலேயே நிறுத்தினா கொஞ்ச நாளில் மண் சரிஞ்சு தண்ணி கலங்கும், மோட்டார் மாட்டிக்கும். கேசிங்கைக் குறைச்சா அன்னிக்கு செலவு மிச்சம், அப்புறம் போரே போச்சு. நல்ல ஆப்பரேட்டர் நீங்க கேட்காமலே "இன்னும் ஒரு பைப் போடணும்"னு காரணத்தோட சொல்வான், வெளியே வர்ற கல் தூளைக் கையில் எடுத்துக் காட்டுவான்.

ஒவ்வொரு 10 அடிக்கும் தூளை ஒரு கவரில் போட்டு ஆழம் எழுதி வைங்க. பழுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறுற இடம், பொடி கரகரப்பாகிற இடம், ராடு திடீர்னு வேகமா இறங்குற இடம், புகை நின்னு ஈரம் வர்ற இடம். இந்த நாலையும் குறிச்சா உங்க ஜியாலஜிஸ்ட் சொன்னது சரியா தப்பான்னு அவருக்கே தெரியும். மேலே ஒருத்தர் கேட்ட பதிவு இதுதான்.

இப்ப இன்ச் கணக்கு. இதில் ஏமாறாத ஆளே கம்மி. நாங்க வி வடிவத்தில் வெட்டின தகடு வைச்சு, அதில் வழியிற தண்ணியோட உயரத்தை அளக்கிறோம். 90 டிகிரி தகட்டில் 1 இன்ச் உயரம் என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். ஒன்றரை இன்ச் 1,400. 2 இன்ச் சுமார் 2,900. 3 இன்ச் கிட்டத்தட்ட 8,000. 1 இன்ச்சைப் போல 2 இன்ச் ரெண்டு மடங்கு இல்லைங்க, அஞ்சரை மடங்குக்கு மேல. அதனால அரை இன்ச் கூட்டிச் சொன்னாலே பெரிய பொய். அளவுகோலைத் தகட்டின் வாயில் வைக்கக் கூடாது, தண்ணி வழியிற இடத்தில் மட்டம் தாழும். கொஞ்சம் பின்னாடி, தண்ணி அமைதியா நிற்கிற இடத்தில் அளக்கணும். கம்ப்ரசர் காத்து தண்ணியைக் குபுக் குபுக்குன்னு தள்ளும், அந்த உச்சத்தைப் பார்த்து "3 இன்ச்"னு சொல்வாங்க. ஒரு மணி நேரமாவது ஊதவிட்டு, நிலையா நிற்கிற அளவைத்தான் எழுதணும். அதுவும் அன்னிக்கு அளவுதான். வெடிப்பில் தேங்கின தண்ணி காலியாகிற வரைக்கும் எல்லாப் போரும் நல்ல போர்தான். மோட்டார் இறக்கி, தொடர்ந்து ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குது, நிறுத்தினா எவ்வளவு நேரத்தில் ஏறுதுன்னு பார்த்தாத்தான் உண்மை தெரியும். அதைப் பார்க்காம பெரிய மோட்டார் விக்கிற ஆளையும் நம்பாதீங்க.

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் நன்றிங்க. மூன்றாமவரையே மறுபடி கூப்பிடலாம் என்று இருக்கிறேன். அவரிடம் எழுதி என்ன வாங்க வேண்டும்? அரசு வழியில் பார்க்க வழி இருக்கிறதா? ரிக் அண்ணா, ஒருவேளை புகையாகப் போனால் அந்தக் குழியை என்ன செய்வது?

பாறைப்பிளவு:

டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல ஜியாலஜிஸ்ட்டுக்கு உரிமம் தரும் சட்ட அமைப்பு இந்தியாவில் இல்லை. பட்டம் நுழைவுச்சீட்டு மட்டும். அதனால் காகிதம் முக்கியம்.

அவரிடம் முதலில் கள அளவுத் தாளைக் கேளுங்கள்: கம்பி இடைவெளி, மின்சாரம், மின்னழுத்தம், கணக்கிட்ட மின்தடை என்று வரிசையாக இருபது அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணோடு வந்தால் அது ஆய்வு இல்லை. அதை வரைந்த வளைகோடும் வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் இன்னொரு ஜியாலஜிஸ்ட்டிடம், இவர் என்ன சொன்னார் என்று சொல்லாமல், காட்டிக் கருத்துக் கேட்கலாம். அடுக்குகளின் ஆழம் இருவருக்கும் கொஞ்சம் மாறும், அது இயல்பு. ஒரே வளைகோட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் பொருந்தும். ஆனால் ஒருவர் களிமண் என்ற இடத்தை மற்றவர் நல்ல ஊற்று என்றால் இருவரையும் நேரில் உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள்.

பிறகு அவர் கையெழுத்தோடு நாலு வரி: கெட்டிப் பாறை தொடங்கும் ஆழம், தண்ணீர் எதிர்பார்க்கும் ஆழ எல்லைகள், பத்துக்கு எத்தனை வாய்ப்பு, எந்த ஆழத்தில் நிறுத்துவது. முதல் வரி சாதாரணமாகத் தெரியும், அதுதான் மிகச் சரியாகச் சோதிக்கக்கூடியது. கேசிங் எத்தனை அடி இறங்குகிறது என்பதிலேயே அவர் அளவு தேறியதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். நிறுத்தும் ஆழத்தைக் குடும்பத்தில் எல்லோரும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் நிதானம் இருக்காது.

அரசு வழியில், வேளாண் பொறியியல் துறை விவசாயிகளுக்கு மின்தடை ஆய்வு செய்து தருகிறது. உங்கள் உபகோட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பல இடங்களில் வரிசை நீளம், பொறுக்க வேண்டும். அவர்களுக்கு ஆழத்தில் கமிஷன் இல்லை என்பதே பெரிய தகுதி. அரசின் நிலத்தடி நீர்க் கணக்கில் உங்கள் பகுதி எந்த வகையில் இருக்கிறது என்றும் பாருங்கள்: வருடத்தில் ஊறும் தண்ணீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அளவுக்கு மீறிய சுரண்டல்.  மேலெல்லையைத் தாண்டிய பகுதியில் நல்ல பாயிண்ட் கிடைத்தாலும் அது பக்கத்துப் போரின் தண்ணீராக இருக்கலாம், சில வருடத்தில் இறங்கும். உங்களை வந்து பார்த்தவர்களில் யாராவது இதைச் சொன்னார்களா?

இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடங்கள் 1:50,000 அளவில் இருக்கின்றன. உங்கள் தோட்டத்தைத் துல்லியமாகக் காட்டாது, அந்த அளவில் 2 ஏக்கர் ஒரு புள்ளி. ஆனால் பாறை உடைந்த கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் போய், "வயரை எந்தத் திசையில் இழுத்தீர்கள், ஏன்?" என்று அவரிடம் கேளுங்கள்.

ரிக் வண்டி:

புகையாப் போனா அன்னிக்கே மூடணும்ங்க. 2010-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு இருக்கு: கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், வெட்டியெடுத்த தூள் போட்டு நிரப்பணும். ஓடுற போருக்கும் கேசிங்கைச் சுத்தி அரை மீட்டர் சதுரத்தில் சிமென்ட் மேடை, தரைக்கு மேலே 30, கீழே 30 சென்டிமீட்டர். வாயில் இரும்புத் தகடு வெல்டிங், இல்லேன்னா போல்ட் போட்ட மூடி. சாக்கைக் கட்டி மேல கல்லை வைக்கிறது மூடி இல்லை. தமிழ்நாட்டுக்கு 2015-ல் தனி விதியே வந்திருக்கு, ஊராட்சியில் அனுமதி வாங்கித்தான் போடணும். வேலைக்குப் பேசும்போதே மூடி, மேடை, நிரப்புற செலவு யார் பொறுப்புன்னு ரசீதில் எழுதச் சொல்லுங்க. "அதெல்லாம் தண்ணி வராட்டிப் பார்த்துக்கலாம்"னு சொல்ற வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க.